தாளில் வரைந்த படத்தை வீட்டிலேயே சட்டம் போடுவது எப்படி: கையைக் கடிக்காமல், படத்தைக் கெடுக்காமல்

மாமா வரைந்த மயிலாப்பூர் தெப்பக்குளம், நீர்வண்ணப் படம், பத்து வருடத்துக்கும் மேலாக எங்கள் கூடத்தில் தொங்கியது. அவர் போன பிறகு ஒருநாள், சட்டம் இற்றுப்போயிருக்கிறதே, மாற்றலாம் என்று கழற்றினேன். பின்பக்க ஹார்ட்போர்டை நெம்பியதும் படமும் அதோடு சேர்ந்து வந்தது. முழுப் பரப்பிலும் வெள்ளைப் பசையைத் தடவி ஹார்ட்போர்டின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். வானத்தின் ஒரு மூலை கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. ஓரத்தைச் சுற்றி டீக்கறை மாதிரி ஒரு பழுப்புக் கோடு.

சட்டம் போட்டுக் கொடுத்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. சாமி படத்துக்கும் கல்யாண போட்டோவுக்கும் எப்போதும் செய்வதைத்தான் அவர் இதற்கும் செய்தார். அச்சடித்த முருகர் கெட்டுப்போனால் தேரடிக் கடையில் இன்னொரு முருகர் கிடைப்பார். மாமா திரும்ப வந்து அந்தக் குளத்தை வரையப்போவதில்லை.

அந்த ஒரே படத்தில் மூன்று தப்பும் இருந்தன. ஒன்று, படத்தை எதன்மேலோ முழுக்க ஒட்டியது. இரண்டு, கண்ணாடி படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்று, ஹார்ட்போர்டும் மலிவான அட்டையும் மரக்கூழில் செய்தவை. மரக்கூழில் இருக்கும் லிக்னின் நாளாக நாளாக அமிலமாகிக் கசியும்; பக்கத்தில் இருக்கிற நல்ல தாளையும் பழுப்பாக்கும். பழைய செய்தித்தாளை வெயிலில் போட்டால் மஞ்சளாகி நொறுங்குவது இதனால்தான்.

அதற்கப்புறம் என் படங்களை நானேதான் சட்டம் போடுகிறேன். செலவு விஷயத்தில் நான் பிடித்துக்கொண்ட கணக்கு ஒன்றுதான்: படத்தைத் தொடுகிற பொருளுக்குத் தாராளமாகச் செலவழிப்பேன், தொடாத பொருளில் மிச்சம் பிடிப்பேன். கடையில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. தங்க முலாம் பூசிய பீடிங்குக்கு, அதாவது சட்டத்தின் மரப்பட்டைக்கு, ஆயிரக்கணக்கில் பில் போட்டுவிட்டு, படத்துக்குப் பின்னால் சட்டை டப்பா அட்டையை வைத்து அனுப்புவார்கள்.

முதலில் படத்தைப் பாருங்கள்

எல்லாப் படத்துக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். பள்ளிக்கூட டிராயிங் நோட்டில் பிள்ளை ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தது என்றால் அந்தத் தாளே மரக்கூழ்தான். ஸ்கெட்ச் பேனா, ஹைலைட்டர் இவற்றின் மை பெரும்பாலும் சாயம். வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும். அதை ஸ்கேன் எடுத்து, பிரின்ட் போட்டு மாட்டிவிட்டு, அசலை இருட்டில் வையுங்கள். மஞ்சள் கரைத்துத் தீட்டிய படம் என்றால் கேட்கவே வேண்டாம். வேட்டியில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் காயப்போட்டால் போய்விடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

பென்சில், இந்தியன் இங்க், கரிக்கோல் எல்லாம் வெளிச்சத்தைத் தாங்கும். நீர்வண்ணத்தில் நிறத்துக்கு நிறம் வித்தியாசம் உண்டு. அசல் அலிசரின் கிரிம்சன் போன்ற சிவப்புகள் வெளுக்கக்கூடியவை. டியூபிலேயே வெளிச்சத் தாங்குதிறனைக் குறித்திருப்பார்கள்.

நீர்வண்ணத் தாள் அலை அலையாக நெளிந்திருந்தால் அப்படியே சட்டத்துக்குள் திணிக்காதீர்கள். படத்தைச் சுத்தமான வெள்ளைத் துணியின் மேல் குப்புறப் போட்டு, முதுகில் பூத்தெளிப்பானால் பனி விழுந்த மாதிரி லேசாக ஈரம் காட்டுங்கள். சொட்டு விழக்கூடாது. மேலும் கீழும் ஈரத்தை உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர் வைத்து, ஒரு பலகை போட்டு, அதன்மேல் கனமான புத்தகங்களை ஏற்றி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். என் வீட்டில் அந்த வேலையைத் தீபாவளி மலர்களின் பழைய அடுக்கு செய்கிறது. பேஸ்டல், கரிக்கோல், தண்ணீரில் கரையும் மை உள்ள படங்களுக்கு இந்த வைத்தியம் ஆகாது.

வாங்க வேண்டியவை

சட்டத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்றேன் அல்லவா, அங்கிருந்தே தொடங்குகிறேன். ரெடிமேட் சட்டம், பழைய சாமான் கடையில் கிடைக்கும் தேக்குச் சட்டம், வீட்டுப் பரணில் கிடக்கும் சட்டம், எதுவானாலும் சரி. பழைய மரச் சட்டமாக இருந்தால் தட்டிப் பாருங்கள். குண்டூசித் துளையும் மாவு மாதிரித் தூளும் கொட்டினால் வண்டு இருக்கிறது, வேண்டாம். உள்விளிம்பில் கண்ணாடி, மவுண்ட் (நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டி, படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை), பின்பலகை மூன்றும் உட்காரும் ஆழம் இருக்க வேண்டும், 10 மி.மீ. இருந்தால் நிம்மதி.

மவுண்ட் போர்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். படத்தின் ஓரத்தைத் தொடுவது அதுதான். அமிலமில்லாத அட்டை, ஆசிட் ஃப்ரீ என்று கேட்டு வாங்குங்கள். பருத்தியில் செய்தது கிடைத்தால் இன்னும் மேல். சாதாரண மவுண்ட் போர்டு வெட்டின புதிதில் பளிச்சென்று வெள்ளையாகத்தான் இருக்கும், சில வருடத்தில் வெட்டிய விளிம்பு பழுத்துவிடும்.

ஆசிட் ஃப்ரீ அட்டை உங்கள் ஊரில் கிடைக்கவில்லை என்றால் நான் செய்யும் குறுக்குவழி இது. 100 சதவீதப் பருத்தி என்று போட்ட 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாள் ஓவியச் சாமான் கடையில் கிடைக்கும். அதையே மவுண்டாக வெட்டுவேன். ஒரு முழுத் தாள் 22×30 அங்குலம். அதில் 16×20 அங்குல மவுண்ட் ஒன்று வரும், மிச்சத் துண்டுகளை மூலைப் பைக்கும் (படத்தின் மூலையைச் செருகும் சின்னப் பை, பிறகு சொல்கிறேன்) பட்டைக்கும் வைத்துக்கொள்ளலாம். தாள் அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும் என்பதால் கண்ணாடி படத்தைத் தொட்டுவிடும். அதற்குப் பரிகாரம், மவுண்டின் பின்புறம், ஜன்னலுக்கு வெளியே மறைகிற பகுதியில், அதே தாளைப் பட்டை பட்டையாக வெட்டி நாலைந்து அடுக்கு ஒட்டி உயர்த்துவது. பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்சாலை 1959 முதல் பருத்திக் கந்தலிலிருந்து தாள் செய்கிறது. அந்த மாதிரித் தாளும் இதற்குத் தோது. ஆனால் கைத்தாள் என்றாலே நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். பூவிதழ், வைக்கோல் கலந்த அழகுத் தாள்கள் படத்தைத் தொடக்கூடாது.

பின்பலகைக்கு ஹார்ட்போர்டு வேண்டவே வேண்டாம். தேர்தல் நேரத்தில் மின்கம்பத்தில் கட்டுவார்களே, உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை, சன்பேக் ஷீட், அதில் அச்சடிக்காத புதுசாக ஒன்று வாங்குங்கள். அது பாலிப்ரொப்பிலீன். ஈரம் குடிக்காது, அமிலம் கசியாது, கரையானுக்குப் பிடிக்காது. ஹார்ட்போர்டைவிட லேசு, கத்தியாலேயே வெட்டலாம். ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைகளில் துண்டு கேட்டால் சும்மாவே தருகிறவர்களும் உண்டு.

மற்றபடி, இரும்பு ஸ்கேல், கட்டர், ஒரு பாக்கெட் புதுப் பிளேடு, பென்சில், தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்புக் காகித டேப், படத்தைத் தொங்கவிடும் காகிதக் கீலுக்கு ஒரு தாள் ஜப்பானியக் கோசோ காகிதம். கோசோ கிடைக்காவிட்டால் நேபாளத்து லோக்தா காகிதத்தில் மெல்லிசாகப் பார்த்து எடுக்கலாம். இரண்டும் மரப்பட்டை நாரில் செய்தவை. நார் நீளமானதால் மெல்லிசாக இருந்தும் இழுவை தாங்கும்.

அளவு

இங்கேதான் அவசரப்பட்டு அட்டையைப் பாழாக்குவோம். ஒரு நிஜ உதாரணத்தோடு போவோம். நீர்வண்ணக்காரர்கள் அதிகம் பயன்படுத்துவது முழுத் தாளின் கால் பாகம், 11×15 அங்குலம், அதாவது 279×381 மி.மீ. சட்டம் 16×20 அங்குலம், 406×508 மி.மீ. அங்குலத்தில் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் மில்லிமீட்டரிலேயே கணக்குப் போடுங்கள்.

ஜன்னல் படத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. படத்தின் மேல் ஏற. அப்போது ஜன்னல் 273×375 மி.மீ. அகலத்தில் மிச்சம் 406 கழித்தல் 273, அதாவது 133. இரண்டு பக்கமும் 66.5 வீதம். உயரத்தில் மிச்சம் 508 கழித்தல் 375, அதுவும் 133. ஆனால் இதைச் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். மேலே 62, கீழே 71 வையுங்கள். சரியாக நடுவில் வைத்த படம் கண்ணுக்குக் கீழே வழுக்குகிற மாதிரித் தெரியும். கீழே கொஞ்சம் கூட விட்டால் நிமிர்ந்து உட்காரும்.

படத்தின் ஓரத்தில் கையெழுத்து இருந்தால் 3 மி.மீ. அதை விழுங்கிவிடுகிறதா என்று பாருங்கள். என் படம் ஒன்றில் தேதி மறைந்துபோய், வரைந்தவளே நான்தான் என்பதால் யாரையும் திட்ட முடியாமல் திரும்ப வெட்டினேன்.

மவுண்டின் வெளியளவுக்கு ஸ்கேலை நம்பாமல் சட்டத்தோடு வந்த கண்ணாடியையே அட்டையின் மேல் வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். 16×20 என்று ஸ்டிக்கர் ஒட்டிய சட்டங்கள் நாலைந்து மில்லிமீட்டர் முன்பின் இருப்பது சகஜம். அந்த வித்தியாசத்தை நாலு ஓரத்திலும் பங்கு போட்டுவிடுங்கள். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே வெட்டினால் மழைக்காலத்தில் அட்டை உப்புவதற்கு இடம் இருக்கும்.

ஜன்னல் வெட்டுதல்

அட்டையின் பின்பக்கத்தில் அளந்து கோடு போடுங்கள். முன்பக்கம் பென்சிலே படக்கூடாது. கீழே ஒரு பழைய அட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மவுண்டுக்கும் ஒரு புதுப் பிளேடு. ஐந்து ரூபாய் பிளேடை மிச்சம் பிடிக்கப் போய் மூலை பிசிறடித்தால் முழு அட்டையும் போயிற்று.

ஸ்கேலை, மிச்சம் வைக்கப்போகும் பக்கத்தில் வைத்து அழுத்துங்கள். கத்தி வழுக்கினால் வெட்டி எறியும் பக்கம்தான் வழுக்க வேண்டும். முதல் இழுப்பு கோடு போடுவதற்கு மட்டும், அழுத்தமே வேண்டாம். அந்தத் தடத்திலேயே மூன்று நாலு தடவை இழுத்தால் அட்டை தானாக விடும். ஒரே அழுத்தில் வெட்டப் பார்ப்பவர்களின் கோடு நடுவில் வளைந்திருக்கும். ஒரு பக்கம் வெட்டியதும் நீங்கள் சுற்றி வராமல் அட்டையைத் திருப்புங்கள். கை எப்போதும் ஒரே திசையில் இழுக்கட்டும்.

மூலையில் ஒவ்வொரு வெட்டும் சரியாகச் சந்திப்பு வரை போக வேண்டும், தாண்டினால் முன்பக்கம் கீறலாகத் தெரியும். நாலு பக்கமும் வெட்டியாயிற்று, நடுத் துண்டு விழ மாட்டேன் என்கிறது என்றால் பிடுங்காதீர்கள். ஏதோ ஒரு மூலையில் ஒரு நூல் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். சவர பிளேடை அந்த வெட்டுக்குள் நிறுத்தி லேசாக ஆட்டினால் விட்டுவிடும். பிடுங்கினால் மேல்தோல் மூலையிலிருந்து உரிந்து வரும், அதற்கு மருந்து கிடையாது. விளிம்பில் சின்னப் பிசிறு இருந்தால் ஸ்பூனின் முதுகால் தேய்த்தால் படிந்துவிடும்.

கடை மவுண்டில் ஜன்னல் விளிம்பு 45 டிகிரி சாய்வாக இருக்கும். அதற்கென்று கைக்கட்டர் இருக்கிறது, வருடத்துக்கு நாலு படம் போடுகிறவருக்கு அது தேவையில்லை. நேர்வெட்டும் சுத்தமாக இருந்தால் அழகுதான். வெறும் கட்டரைச் சாய்த்துப் பிடித்து 45 டிகிரி வெட்டப் பார்த்தவர்களின் வரிசையில் நானும் ஒருத்தி. வேண்டாம்.

விழுந்த நடுத் துண்டைத் தூக்கி எறியாதீர்கள், அடுத்த சின்னப் படத்துக்கு மவுண்ட் அதுதான்.

பசை: அல்வாவுக்கு எடுக்கிற அதே பால்

படத்தைப் பிடித்துக்கொள்ளப் போவது மேல் ஓரத்தில் இரண்டே இரண்டு காகிதக் கீல். அதை ஒட்டும் பசை, தண்ணீர் தொட்டால் விட்டுக்கொடுக்கிற பசையாக இருக்க வேண்டும். செலோடேப், டபுள் சைடு டேப், மாஸ்கிங் டேப், வெள்ளைப் பசை, சூப்பர் க்ளூ எதுவும் அப்படியில்லை. செலோடேப் சில வருடத்தில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அதன் பிசின் மட்டும் தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறை மாதிரி நிற்கும்.

அருங்காட்சியகங்களில் தாள் பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்துவது கோதுமை மாச்சத்துப் பசை. பெயர்தான் பெரிது. திருநெல்வேலி அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டி எடுக்கிற பால் இருக்கிறதே, அது அடியில் தங்கினால் கிடைப்பது இந்த மாச்சத்துதான்.

கோதுமையை ஆட்டப் பொறுமை இல்லாதவர்கள் மைதாவிலிருந்து எடுக்கலாம். ஒரு டம்ளர் மைதாவைப் பரோட்டா மாவு மாதிரிக் கெட்டியாகப் பிசைந்து, உருட்டி, தண்ணீருக்குள் அரை மணி நேரம் மூழ்க வையுங்கள். பிறகு அந்தத் தண்ணீருக்குள்ளேயே பிசைந்து பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் பாலாக மாறும். கையில் ரப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும், அது குளூட்டன், நமக்கு வேண்டாம். பாலை வேட்டித் துணியில் வடிகட்டி ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் மேலே நிற்கிற தெளிந்த தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டால் அடியில் வெள்ளை வண்டல்.

ஒரு ஸ்பூன் வண்டலுக்கு நாலு ஸ்பூன் தண்ணீர். சிறு தீயில் வைத்துக் கை விடாமல் கிளறுங்கள். முதலில் திடீரென்று கெட்டியாகும், அப்போது இறக்கிவிடாதீர்கள். இன்னும் பத்து நிமிடம் கிளறினால் வெள்ளை நிறம் போய் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரிப் பளபளப்பு வரும். ஆறவிட்டு டீ வடிகட்டியில் இரண்டு தடவை தேய்த்து இறக்குங்கள். கெட்டித் தயிரை அடித்த பதம் இருந்தால் சரி. தண்ணியாக இருந்தால் ஈரம் படத்துக்குள் பரவி நெளியவைக்கும்.

மூன்று நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், புளித்துவிடும். கெடாமலிருக்கவும் பூச்சி வராமலிருக்கவும் பைண்டிங் பசையில் துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு. மயில்துத்தம் தாமிர உப்பு. அது தாளை அரிக்கும். சினிமா போஸ்டருக்கு அது பரவாயில்லை, போஸ்டர் அடுத்த வெள்ளிக்கிழமை வரை இருந்தால் போதும்.

கீல் போடுதல்

ஜன்னல் மவுண்டையும் அதே அளவில் இன்னொரு ஆசிட் ஃப்ரீ தாளையும், அல்லது அட்டையையும், எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவதுதான் பின்அட்டை. இரண்டையும் மேல் ஓரம் ஒட்டியபடி விரித்துப் போட்டு, உள்பக்கம் பழுப்புக் காகித டேப்பால் இணைத்தால் மேலே கீல் வைத்த புத்தகம் மாதிரித் திறந்து மூடும். இந்த டேப் படத்தைத் தொடவில்லை, அதனால் சாதாரண டேப் போதும்.

உள்ளே படத்தை வைத்து, ஜன்னலை மூடிப் பார்த்து, திறந்து நகர்த்தி, திரும்ப மூடி, இடம் சரியானதும் படத்தின் மேல் சுத்தமான தாள் போட்டு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் அரிசி நிரப்பி வையுங்கள். நகரவே கூடாது.

கோசோ காகிதத்தைக் கத்தரிக்காதீர்கள். நனைத்த தூரிகையால் கோடு போட்டு அந்தக் கோட்டில் இழுத்துப் பிய்த்தால் ஓரத்தில் நார் முடி முடியாக நிற்கும். வெட்டிய ஓரம் சில மாதத்தில் படத்தின் முன்பக்கம் ஒரு கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். நார் ஓரம் தெரியாது. 25 மி.மீ. அகலம், 40 மி.மீ. நீளத்தில் இரண்டு துண்டு. ஒவ்வொன்றிலும் நுனியில் 5 மி.மீ. அளவுக்கு மட்டும் பசை தடவி, ஒரு நிமிடம் காற்றாட விட்டு, படத்தின் முதுகில் மேல் ஓரத்தில், இரண்டு மூலையிலிருந்தும் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒட்டுங்கள். பிளாட்டிங் பேப்பர் வைத்து மேலே டப்பாவை ஏற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் அந்தப் பேப்பரை மாற்றுங்கள். முதல் பேப்பரில் ஈரம் இருக்கும். ஒரு மணி நேரம் அதை அப்படியே விடுங்கள்.

காய்ந்ததும் கீலின் மிச்ச நீளம் படத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு பின்அட்டையில் கிடக்கும். அதன் குறுக்கே இன்னொரு கோசோத் துண்டைப் போட்டு அட்டையில் ஒட்டுங்கள். பார்வைக்கு ஆங்கில டி எழுத்து போல இருக்கும். இந்தக் குறுக்குத் துண்டுக்கும் படத்தின் ஓரத்துக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பசை கசிந்து படம் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

கீழே ஒட்டாதீர்கள். பக்கவாட்டிலும் வேண்டாம். ஐப்பசி மழையில் தாள் ஈரம் குடித்து விரியும், பங்குனியில் சுருங்கும். மேலே மட்டும் தொங்கினால் விரியவும் சுருங்கவும் இடம் உண்டு. நாலு பக்கமும் இறுக்கினால் நடுவில் உப்பும். கீல் காகிதம் படத்தின் தாளைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும் என்பதும் படத்தைக் காப்பாற்றத்தான். சட்டம் தவறி விழுந்தால் கிழிவது கீலாக இருக்கட்டும்.

பசை, கோசோ எதுவும் வேண்டாம் என்கிறவர்களுக்கு மூலைப் பை இருக்கிறது. பருத்தித் தாளில் 20×60 மி.மீ. பட்டை வெட்டி, பேப்பர் விமானம் செய்யத் தொடங்கும்போது இரண்டு மூலையையும் நடுவுக்கு மடிப்போமே, அப்படி மடித்தால் ஒரு முக்கோணப் பை கிடைக்கும். படத்தின் மூலையை அதற்குள் செருகி, பையை மட்டும் பின்அட்டையில் டேப்பால் பிடியுங்கள். படத்தில் ஒரு துளி பசைகூடப் படாது. கஷ்டம் என்னவென்றால் 3 மி.மீ. மட்டும் மறைக்கிற ஜன்னலில் பையின் முக்கோணம் எட்டிப் பார்க்கும். அதனால் சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு வரைந்த படங்களுக்கும் புகைப்படங்களுக்கும்தான் இது பொருந்தும்.

கண்ணாடி, மூடுதல்

மவுண்ட் அழகுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே காற்றுக்கு இடம் விடுவதுதான் அதன் முதல் வேலை. ஏசி ஓடிய அறையில் கண்ணாடி குளிர்ந்திருக்க, கதவைத் திறந்ததும் வெளிக்காற்றின் ஈரம் அதில் முத்து முத்தாகப் படியும். தாள் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் ஒட்டும், பிறகு பூஞ்சை பிடிக்கும். மாமாவின் வானம் போனது இப்படித்தான்.

2 மி.மீ. கண்ணாடி போதும், தெருமுனைக் கண்ணாடிக் கடையில் அளவுக்கு வெட்டித் தருவார்கள். 16×20 அங்குலத்துக்கு அது மட்டுமே ஏறக்குறைய 1 கிலோ வரும். குழந்தைகள் ஓடும் இடத்தில் அக்ரிலிக் ஷீட் நல்லது, சுலபத்தில் உடையாது. ஆனால் அதைத் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறும். பேஸ்டல், கரிக்கோல் பொடியைப் படத்திலிருந்து இழுத்து மேலே ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்குக் கண்ணாடிதான். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் அக்ரிலிக்கை மங்கலாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மழை விட்டு நாலு நாள் வெயில் காய்ந்த பிறகு இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஈர நாளில் மூடினால் அந்த ஈரத்தையே உள்ளே பூட்டுகிறீர்கள். கண்ணாடியை இரு பக்கமும் துடைத்து முழுக்கக் காயவிட்டு, மவுண்டின் மேல் இறக்கி, அப்படியே தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கட்டாயம் ஒரு தலைமுடி உள்ளே இருக்கும். எனக்கு மூன்றாவது தடவைக்கு முன் சுத்தமாக அமைந்ததே இல்லை.

மரச் சட்டத்தின் உள்விளிம்பில், ஏசி மெக்கானிக்குகள் குழாய்க்கு ஒட்டும் அலுமினிய டேப்பை ஒட்டிவிட்டால் மரத்தின் அமிலம் மவுண்டுக்கு வராது. பிறகு கண்ணாடி, மவுண்ட், பின்அட்டை, சன்பேக் ஷீட் நாலையும் அடுக்கி உள்ளே வைத்து, சின்ன ஆணிகளைச் சட்டத்தின் உள்பக்கம் படுக்கவைத்துத் தள்ளுங்கள். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி விரியும். இடுக்கியால் சட்டத்தையும் ஆணியையும் சேர்த்துப் பிடித்து அழுத்துவது பாதுகாப்பு. சட்டத்துக்கும் ஷீட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கை நாலு பக்கமும் பழுப்புக் காகித டேப்பால் மூடுங்கள். தூசியும், புத்தக அலமாரியில் பளபளவென்று ஓடுகிற வெள்ளிமீன் பூச்சியும் உள்ளே போகும் வழி அதுதான். மாவுப் பசை என்றால் அதற்குக் கொள்ளை ஆசை.

எங்கே மாட்டுவது

வடகிழக்குப் பருவமழையின் சாரல் அடிக்கிற வெளிச்சுவர் வேண்டாம். அந்தப் பக்கம் குளியலறை இருக்கும் சுவர் வேண்டாம். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று ஈரமாக இருந்தால் படத்துக்கும் அதே கதிதான். விளக்கேற்றும் இடத்துக்கு மேலும், சமையலறைக்குப் பக்கத்திலும் எண்ணெய்ப் புகை படியும்.

வெயில் நேரே விழும் சுவர் கூடவே கூடாது. அருங்காட்சியகங்களில் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் விடுவார்கள், அந்த அறைகள் மங்கலாக இருப்பது அதனால்தான். நம் கூடத்தில் பகலில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். நான் செய்வது, ஒரே அளவுச் சட்டத்துக்கு இரண்டு மூன்று படங்களுக்கு மவுண்ட் வெட்டி வைத்துக்கொண்டு, நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது. ஒன்று சுவரில் இருக்கும்போது மற்றவை பீரோவில் தூங்கும். சட்டச் செலவும் மூன்றில் ஒன்றாகிவிட்டது.

சட்டத்தின் பின்புறம், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வளையம் திருகுங்கள். சுவரிலும் இரண்டு திருகு. ஒரே ஆணியில் மாட்டிய படம் கதவு அடிக்கும்போதெல்லாம் சாயும். கீழ் மூலை இரண்டிலும் நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போகும். கரையான் மண் பாதை போட்டு வந்தாலும் கண்ணில் படும். பழைய வீடுகளில் படங்களை உத்தரத்துக்குக் கீழே முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பார்கள். முதுகுக்குக் காற்று கிடைத்தது, கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சமும் மின்னவில்லை.

உயரம், நின்று பார்க்கும் இடமானால் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. சோபாவிலோ பாயிலோ உட்காரும் அறையானால் ஒரு சாண் இறக்குங்கள்.

வாடகை வீட்டில் ஆணி அடித்தால் ஓனர் அட்வான்ஸில் கழிப்பார் என்றால் புத்தக அலமாரியின் மேல் சாய்த்து வையுங்கள். ஆணியில்லாமல் ஒட்டும் பட்டைகளை டிஸ்டெம்பர் சுவரில் நம்பாதீர்கள். பட்டை பிடித்துக்கொள்ளும், டிஸ்டெம்பர் உரிந்து வரும். சட்டமே வேண்டாம், பிள்ளைகள் படத்தை வாராவாரம் மாற்ற வேண்டும் என்றால் ஒரு சணல் கயிறும் மரக் கிளிப்பும் போதும். இரும்பு கிளிப் என்றால் தாளுக்கும் அதற்கும் நடுவே ஒரு மடித்த துண்டுத் தாள் வையுங்கள், கடற்கரை ஊரில் துரு ஒரே மழைக்காலத்தில் இறங்கிவிடும்.

போகிக்கு வீட்டை ஒதுக்கும்போது எப்படியும் படங்களைக் கழற்றுவோம். மழைக்காலம் முடிந்த கையோடு வருவதால் பார்க்க அதுவே சரியான நேரம். சட்டத்தைத் திருப்பி, டேப் விட்டிருக்கிறதா, ஷீட்டின் ஓரத்தில் தூள் கொட்டியிருக்கிறதா, கண்ணாடியின் உள்பக்கம் பனி போல மங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். படத்தில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அன்றைக்கே திறந்து, நிழலில் ஃபேனுக்குத் தூரமாக இரண்டு நாள் ஆறவிடுங்கள். புள்ளியைத் துடைக்கவோ அழிரப்பரால் தேய்க்கவோ வேண்டாம்.